ரத்தம் ஏறிய பிறகு

1

"உங்க பையன் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான். பாடத்துல மனசே இல்ல. அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாமே இப்படித்தான்."

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை என் அண்ணியிடம் சொன்னது இது. புதுச்சேரியில் 'அந்தப் பக்கம்' என்றால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், அந்தப் பக்கம் கறுப்பர் நகரம். கறுப்பர் நகரத்துக்கும் ஓர் அந்தப் பக்கம் இருந்தது. அது நம்முடையது. பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்ல அந்த ஒரு சொல் போதும்.

அண்ணி தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தார். பையனுக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. அவனுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இவன் பிறப்பதற்கு முன்பே மூன்று முறை ரத்தம் ஏற்றப்பட்ட பிள்ளை. வயிற்றில் இருக்கும்போதே, தொப்புள் கொடிக்குள் ஊசியைச் செலுத்தி, யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். பிறந்தபோது டாக்டர் அண்ணனின் தோளைத் தட்டி, "காப்பாத்திட்டோம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விட மாட்டேன் என்கிறது. ஒரு குழந்தையைக் காப்பாற்றியாகிவிட்டது என்று எந்த நாளில் சொல்லலாம்? ரத்தம் ஏறிய நாளிலா, பிறந்த நாளிலா, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் நாளிலா? காப்பாற்றுவது என்ற செயல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? அறம் பற்றிப் பேசுகிற நூல்களைக் கல்லூரியில் நிறையப் படித்தேன். இந்தக் கேள்வியை எனக்குத் தந்தது ஒரு காதுப் பரிசோதனைச் சீட்டுதான்.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு ஓ நெகடிவ். அண்ணனுக்குப் பாசிடிவ். இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு நெகடிவ் ரத்தம். அது நோய் இல்லை. தாய் நெகடிவ்வாக இருந்து, பிள்ளை தகப்பனைக் கொண்டு பாசிடிவ்வாக இருந்தால், பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தோடு கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து, அதை அழிக்கிற பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்ததும் பாசிடிவ்வாக இருந்தால் அதன் ரத்த அணுக்களை அந்தப் பொருள் உடைக்கும். பிள்ளைக்கு ரத்தசோகை வரும். முற்றினால் உடம்பெல்லாம் நீர் கோத்து, இதயம் தளர்ந்து, வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகும். பிழைத்துப் பிறந்தால் கடும் காமாலை. அந்த மஞ்சள் மூளையில் படிந்தால் காது போகலாம், கை கால் விளங்காமல் போகலாம்.

இதைத் தடுக்க ஒரு ஊசி இருக்கிறது. ஆன்டி-டி என்று பெயர். 1968-லிருந்து உலகத்தில் புழக்கத்தில் இருக்கிறது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கரு கலைந்தாலும் போட வேண்டும். இப்போது ஏழாம் மாதத்திலும் ஒன்று போடச் சொல்கிறார்கள். விலை நமக்குச் சில நாள் கூலி.

அண்ணியின் முதல் பிரசவத்தில், "ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கியாந்து குடுங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை. அண்ணன் சீட்டை என்னிடம் நீட்டினார். வீட்டிலேயே படித்த ஆள் நான். இங்கிலீஷில் இருந்த மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். அர்த்தம் எனக்கும் தெரியாது. "சத்து ஊசியா இருக்கும், சம்பளம் வந்ததும் வாங்கிக்கலாம்" என்றார் அண்ணன். தாயும் பிள்ளையும் நன்றாகத்தானே இருந்தார்கள். சனிக்கிழமை சம்பளம் வந்தது. 72 மணி நேரம் போயிருந்தது.

இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே செத்தது. எடுத்தபோது ஊதிப்போய் இருந்தது என்று அம்மா சொன்னார். தெருவில் காத்து கருப்பு என்றார்கள், கழிப்புக் கழிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதுதான் ஒரு நர்ஸம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளைக்கின்னு சொல்லாதீங்க" என்று விரட்டினார். வேறு ஊர். கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிற்று.

ஆக, வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றும் அந்த நுட்பமான சிகிச்சை ஏன் தேவைப்பட்டது? முதல் பிரசவத்தில் தாய்க்கு ஒரு ஊசி போடப்படாததால். சிகிச்சையின் மகத்துவத்தைப் பேசும்போது இந்த முன்கதையை யாரும் பேசுவதில்லை. காப்பாற்றுதல் ஊசி நுனியில் தொடங்கவில்லை. அந்தச் சீட்டை என் கையில் கொடுத்த நேரத்தில், அது என்னவென்று ஒருவர் எங்களுக்கு உட்கார்ந்து சொல்லியிருந்தால் அங்கே தொடங்கியிருக்கும்.

3

சிகிச்சை மகத்தானதுதான், சந்தேகமில்லை. 1963-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி என்ற டாக்டர், எக்ஸ்ரேயைத் துணைகொண்டு, தாயின் வயிற்றைக் கடந்து குழந்தையின் வயிற்றறைக்குள் ஊசியைச் செலுத்தி ரத்தம் ஏற்றினார். அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. இது பிழைத்தது. அதுவரை பிறந்த பிறகே நோயாளியாகக் கருதப்பட்ட சிசு, அன்றிலிருந்து பிறக்கும் முன்பே நோயாளி ஆனது. பிறகு ஸ்கேன் வந்தது. இன்று தொப்புள் கொடியின் ரத்தக்குழாய்க்குள்ளேயே ஊசி போகிறது. தாயின் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்த நெகடிவ் ரத்தத்தை, அனேகமாக ஓ நெகடிவ்வை, கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, எட்டாம் மாதம் வரை. இந்தியாவிலும் டெல்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது நடக்கிறது.

அப்படிப் பிழைத்த பிள்ளைகள் பிற்காலத்தில் எப்படி வளர்ந்தார்கள்? நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 1988 முதல் 2008 வரை அங்கே ரத்தம் ஏற்றப்பட்டுப் பிறந்தவர்களில் 291 பேரை, இரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை இருந்தவர்களைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. 291 பேரில் 14 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவானவர்களுக்குக் கடுமையான வளர்ச்சிக் குறைபாடு. அதில் கை கால் இயக்கம் பாதிக்கப்பட்டவர்கள், வளர்ச்சி மிகவும் பின்தங்கியவர்கள், இரண்டு காதும் கேளாதவர்கள் எல்லாரும் அடக்கம். மற்றவர்கள் நன்றாக வளர்ந்திருந்தார்கள். நம்பிக்கை தருகிற முடிவு இது.

இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. சிகிச்சைக்கு வரும்போதே உடம்பில் கடுமையாக நீர் கோத்திருந்த சிசுக்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு அதிகம். அதாவது, தாமதமாக வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு. தாமதம் என்பது நம் ஊரில் மருத்துவச் சொல் அல்ல. பஸ் காசு, நாள் கூலி, 'நீ போய் அங்க நில்லு' என்ற அதட்டல், எதற்கென்று சொல்லாத சீட்டு: இவையெல்லாம் சேர்ந்த சொல் அது. யாருக்குத் தாமதமாகும் என்பதைச் சாதி முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது.

பிறந்த பிறகும் வேலை முடிவதில்லை. பிறர் ரத்தத்தில் வாழ்ந்த பிள்ளையின் எலும்பு மஜ்ஜை, சொந்த ரத்தம் ஊறச் சிறிது காலம் சோம்பிக் கிடக்கும். முதல் மூன்று மாதம் ரத்த அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பலருக்கு மறுபடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும். காமாலை கடுமையாக இருந்த பிள்ளைக்குக் காதைப் பரிசோதிக்க வேண்டும். எங்கள் பையனின் டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரியில் அது எழுதியிருந்தது. ரத்தம் பார்க்க நாலு தடவை போனோம். காதுக்குப் போகவில்லை. பிள்ளை சிரிக்கிறான், தவழ்கிறான், காதுக்கென்ன? ஒரு நாள் போனால் அண்ணிக்கும் அண்ணனுக்கும் கூலி போகும். 'ஏன் வரலை' என்று கேட்டும் யாரும் வரவில்லை.

லெய்டனில் முடிவு தெரிந்ததற்குக் காரணம் அவர்களின் கருவிகள் மட்டுமல்ல. பத்து வருஷம் கழித்தும் 'அந்தப் பிள்ளை எப்படி இருக்கு' என்று கேட்க ஒரு ஏற்பாடு அங்கே இருந்தது. இங்கேயும் 2013 முதல் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை பரிசோதிக்கும் தேசியத் திட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் அதற்கு ஒரு மையம் என்பதும் அதில் இருக்கிறது. திட்டம் இருப்பது ஒன்று, கதவைத் தட்டுவது வேறொன்று.

4

இங்கேதான் ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

'ரத்தத்தில் சாதி உண்டா?' என்று நம் மேடைகளில் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கைதட்டல் கிடைக்கும். கேட்டவன் வீட்டுக்குப் போய்ப் பெண்ணுக்குச் சொந்தச் சாதியில் மாப்பிள்ளை பார்ப்பான். ரத்தத்தில் சாதி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று?

1936-ல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர், சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணமே என்றார். ரத்தக் கலப்பு ஒன்றே உறவினர் என்ற உணர்வை உண்டாக்கும் என்பது அவர் வாதம். இன்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அன்றாடம் ரத்தம் கலக்கிறது. பறையர் ரத்தம் முதலியார் உடம்பில் ஓடுகிறது, வன்னியர் ரத்தம் அருந்ததியர் உடம்பில் ஓடுகிறது. உறவு வந்ததா? இல்லை. அப்படியானால் அம்பேத்கர் தவறா?

அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கம் 1942 முதல் 1950 வரை கறுப்பர் ரத்தத்தையும் வெள்ளையர் ரத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. ரத்த வங்கி முறையை உருவாக்கியவர்களில் முன்னோடியான சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பர். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர் கண்டித்தார். இங்கே ரத்தப் பையில் சாதி ஒட்டப்படவில்லை. நாம் அமெரிக்காவைவிட மேல் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இங்கே சாதிக்கு அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தேவைப்படவில்லை? அதற்கு விடை மநுவிலேயே இருக்கிறது. பஞ்சத்தில் உயிர் போகிற நேரத்தில் விசுவாமித்திரர் சண்டாளன் கையிலிருந்து நாய் இறைச்சியை வாங்கிக்கொள்ளத் துணிந்தும் பாவம் ஒட்டவில்லை என்கிறது அந்த நூல். ஆபத்து தர்மம் என்று இதற்குப் பெயர். ஆபத்து வந்தால் யாரிடமும் வாங்கலாம். ஆபத்து நீங்கியதும் விசுவாமித்திரர் ரிஷி, சண்டாளன் சண்டாளன். கொடுத்தவனுக்கு அந்தக் கதையில் ஒரு பெயர்கூடக் கிடையாது. ரத்தப் பையிலும் கொடுத்தவன் பெயர் கிடையாது. பெயரை மறைப்பதற்கு மருத்துவத்தில் நியாயமான காரணம் உண்டு, நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் சாதிக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று பாருங்கள். நம் உடம்பு கோயில் கருவறைக்குள் போக முடியாது. நம் ரத்தம் யார் வீட்டுக் கருவறைக்குள்ளும் போகலாம், பெயரைக் கேட்காத வரைக்கும்.

ஒரே ரத்தத்தால் மீட்கப்பட்டவர்கள் என்று சொன்ன மதத்திலும் இதுதான் நடந்தது. 1745-ல் இதே புதுச்சேரியில், கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி நம்மவர்கள் எழுப்பிய பிரச்சினையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மீட்பின் ரத்தம் ஒன்றுதான், சுவர் நடுவில்.

அம்பேத்கர் தவறில்லை. அவர் பேசியது சிவப்புத் திரவத்தைப் பற்றி அல்ல. கலப்பு மணத்தில் ஒரு 'பிறகு' இருக்கிறது. அந்தப் பிள்ளை நாளைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கும். அதற்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பக்கத்துத் தாத்தாவும் விழித்திருக்க வேண்டும். பெயர் தெரியும், முகம் தெரியும், தப்பித்துப் போக முடியாது. உறவை உண்டாக்குவது இந்தப் பிறகுதான். பையில் வரும் ரத்தத்துக்குப் பிறகு கிடையாது. ஏறியது, தீர்ந்தது.

5

'ரத்த தானம்' என்கிறோம். தானம் நம் சொல்லே அல்ல. தானத்தில் கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கியவனுக்குக் கடன், அதோடு கணக்கு முடிந்தது. இதற்கு மாறாக இரண்டு பேரை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். பதினான்கு வயதில் நெஞ்சில் அறுவை செய்தபோது பிறர் ரத்தத்தால் பிழைத்தவர். பதினெட்டு வயதில் கொடுக்கத் தொடங்கி 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமாக இருந்த பொருளிலிருந்துதான் அங்கே ஆன்டி-டி ஊசி தயாரித்தார்கள். அது 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியிருக்கும் என்பது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மதிப்பீடு. 2025 பிப்ரவரியில் காலமானார். ஒரு நாள் தியாகமல்ல அது. அறுபது வருஷத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தார். அதே ஊசியின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு: 1960-களில் நியூயார்க்கின் சிங் சிங் சிறைக் கைதிகளின் உடம்பில் அது சோதிக்கப்பட்டது. சம்மதித்தவர்கள் என்கிறார்கள். கம்பிக்குள் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்று நமக்குத் தெரியும். அவர்களை யாரும் தங்கக் கை என்று சொல்லவில்லை.

இன்னொருவர் நம் பக்கத்து இளைஞர். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. இது எப்படி வெளியே வந்தது? வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதித்தபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த அந்த இளைஞரே, கொடுத்த இடத்துக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. அவர் அந்த மாதமே தன் உயிரைப் போக்கிக்கொண்டார். குழந்தை 2019 ஜனவரியில் பிறந்தது, தொற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது. அந்தத் தாய்க்கு நஷ்டஈடு வேண்டுமென்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை பேர் இருந்த அந்த அமைப்பில், தன் ரத்தம் எங்கே போயிற்று, அங்கே என்ன செய்யும் என்று பின்னாலேயே போனவர் அந்த இளைஞர் ஒருவர்தான். உறவு என்றால் அதுதான். அவர் பின்னால் போக அமைப்பில் ஒருவரும் இல்லை.

நண்பர் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தி, கடைசியில காது கேக்காத பிள்ளைன்னா, எதுக்கு?" கேள்வியே தப்பு. காது கேளாமை ஒரு வாழ்க்கையின் தோல்வி அல்ல. அதை எட்டு மாதம் 'அந்தப் பக்கத்துப் பிள்ளை' என்று வாசித்ததுதான் தோல்வி. நம் பிள்ளைக்கு வருகிற குறை நோயாகக்கூட ஏற்கப்படுவதில்லை, சாதிக் குணமாக ஆக்கப்படுகிறது. இதே பிள்ளை வேறு தெருவில் பிறந்திருந்தால் ஆசிரியை முதலில் காதைத்தான் நினைத்திருப்பார். ரத்தத்தில் சாதி இல்லை என்று சொல்லி ஏற்றிய ரத்தம், ஆறு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சாதி ரத்தம் ஆகிவிட்டது.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 14 வந்தால் முகாம் நடத்துகிறோம். நம் இளைஞர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறோம். நம் தெருவில் எத்தனை பெண்களுக்கு நெகடிவ் என்று நமக்குத் தெரியுமா? அவர்களில் யாருக்கு இப்போது ஏழாம் மாதம்? யாருக்குக் கரு கலைந்து ஊசி போடாமல் விட்டார்கள்? ஒரு நோட்டுப் புத்தகம் போதும், மாதம் ஒரு முறை அதைத் திறந்து பார்க்கிற ஒரு ஆள் போதும். கொடுப்பதில் ஒரு வீரம் தெரிகிறது. பின்னால் போய்க் கேட்பதில் எதுவும் தெரிவதில்லை, அதனால் செய்வதில்லை. அரசைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கும்போது கையில் அந்த நோட்டும் இருக்கட்டும்.

பையனுக்கு இப்போது இரண்டு காதிலும் மெஷின். மாட்டிய முதல் வாரம் ஃபேன் சத்தத்துக்குப் பயந்து அழுதான். இப்போது கூப்பிட்டால் திரும்புகிறான், வேண்டாதபோது கேட்காத மாதிரி நடிக்கவும் பழகிவிட்டான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெஷினைச் சரிபார்க்க வேண்டும், பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். ரொம்ப வருஷத்து வேலை. அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். அன்றைக்கு அண்ணியும் அண்ணனும் வேலைக்குப் போகட்டும். சீட்டை இந்தத் தடவை நான் முழுசாகப் படித்துவிட்டேன். நான்தான் அழைத்துப் போகிறேன்.